பதினோரு நொடி ஹைஹாட்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

குன்னத்துகாலில் 'ஸ்மிதா சவுண்ட்ஸ்' என்று கேட்டால் யாரானாலும் வழி காட்டுவார்கள். என் அப்பா பொன்னையன் மைக் செட் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கும் மைக் செட்டுக்கும் பெண் பிள்ளைகளின் பெயரைத்தான் வைப்பார்கள். வைத்துவிட்டு அந்தப் பிள்ளைகளை நர்சிங் படிக்க அனுப்பிவிடுவார்கள். நான் போகவில்லை. பெயர் என்னுடையது என்றால் பெட்டியும் என்னுடையதுதான் என்று சொல்லி மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வண்டி ஓட்டுவதும் கேபிள் இழுப்பதும் என் வீட்டுக்காரர் ஜெயனின் வேலை. காது என் வேலை.

மைக் செட்காரர்கள் எல்லாருக்கும் சோதனைக்கென்று ஒரு பாட்டு இருக்கும். ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் அதைத்தான் போடுவோம். புதுப் பாட்டைப் போட்டால் குறை பாட்டிலா பெட்டியிலா என்று தெரியாது. பழகிய பாட்டு என்றால் ஒரு இழை பிசகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒருவர் புல்லாங்குழல் போடுவார். பாறசாலையில் ஒருவருக்குச் செண்டை மேளம். என்னுடையது ஒரு பாட்டின் தொடக்கம், மொத்தம் பதினோரு நொடி. பாடகர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

அப்படி நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. அது கிறிஸ்துமஸ் பாட்டு. காட்டாக்கடையில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து பழைய ஆம்பிளிஃபயர் வாங்கியபோது அதோடு ஒரு பெட்டி சிடி கிடைத்தது. அதில் ஒன்று. உறையில்லை, பெயரில்லை, ஏழாவது பாட்டு. பன்னிரண்டாவது நொடியில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து பெத்லகேமுக்குப் போய்விடுவார்கள். நானோ பகவதி கோயில் உற்சவத்துக்கும் அதைத்தான் போடுகிறேன். பதினாலு வருஷமாக மூன்று பஞ்சாயத்துக் கோயில்களும் அந்தப் பதினோரு நொடியில்தான் தொடங்குகின்றன. பள்ளிக்கூட ஆண்டுவிழா, சபைப் பெருநாள், இடது முன்னணிக் கூட்டம், வலது முன்னணிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே ஹைஹாட்.

ஹைஹாட் என்றால், டிரம்ஸ்காரரின் இடது பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்த இரண்டு வெண்கலத் தட்டுகள். காலால் மிதித்தால் வாயை மூடிக்கொள்ளும், காலைத் தூக்கினால் திறக்கும். பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. பாடுகிறவரைக் கேட்பார்கள், வயலினைக் கேட்பார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் தலையை ஆட்டுவது அதுதான்.

அந்தப் பதினோரு நொடியில் அந்த மனிதர் அதை எப்படி வாசித்திருக்கிறார் என்று சொல்கிறேன். நாலு தட்டு, அதாவது நாலு எண்ணிக்கை, ஒரு சுற்று. மொத்தம் நாலு சுற்று. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் சின்னச் சின்ன அடிகள். ஓர் அடி குச்சியின் உடம்பால் தட்டின் விளிம்பில் விழுகிறது, அடுத்தது குச்சியின் நுனியால் மேலே மெதுவாக. கனம், லேசு, கனம், லேசு. ஒன்றைப் போல ஒன்று இல்லை, ஆனால் ஒன்றும் சிந்துவதில்லை. கீழே ஸ்நேர் என்கிற சின்ன டிரம் மட்டும் ஒரு மயிரிழை பின்தங்கி வருகிறது. அதற்கு அவசரம் இல்லை. க்ரூவ் என்று பாண்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். கேட்கும்போது என் இடுப்பு தானாக அசையும். நான் கண்டிப்பான ஆள் என்பதால் அசையாத மாதிரி இருந்துகொள்வேன்.

அப்புறம் மூன்றாம் சுற்றின் நாலாம் தட்டு. அங்கேதான் எல்லாம் இருக்கிறது. இறுக்கி மூடியிருந்த ஹைஹாட் திடீரென்று வாயைத் திறந்து 'ச்சீ' என்கிறது. வர வேண்டிய இடத்தில் வராமல் கொஞ்சம் பிந்தி வருகிறது. வந்துவிட்டு உடனே வாயை மூடிக்கொள்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பதினாலு வருஷத்தில் ஆயிரக்கணக்கான முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஒரு குதி. ஊஞ்சலில் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்போமே, அது.

வாசித்தது யார் என்று தேடாத இடமில்லை. பாலராமபுரத்தில் ஒரு கீபோர்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு காதை மட்டும் கொடுத்துக் கேட்டுவிட்டு, இது ஆள் வாசித்ததில்லை, மிஷினில் புரோகிராம் செய்தது என்றார். மிஷினுக்குக் கை நடுங்குமா, மிஷின் பிந்துமா, உங்களுக்கெல்லாம் காது எதற்கு என்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் என் வண்டியைக் கண்டால் குடையை விரித்துக்கொள்வார். வெயில் இல்லாவிட்டாலும்.

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சபை மண்டபத்தில் கல்யாண வேலை. பெண்ணின் பெயர் சுமி. அவளுடைய அம்மா சத்தியபாய் டீச்சர்தான் போனில் பேசி எங்களை ஏற்பாடு செய்திருந்தார். பெண்ணின் அப்பா பெயர் ராஜதாஸ் என்றும், தினமும் காலையில் ரயிலில் திருவனந்தபுரம் போய் ராத்திரி வருகிறவர் என்றும் மட்டும் தெரியும். பதினோரு மணிக்குப் பக்கத்து ஆலயத்தில் கல்யாணம், அது முடிந்து மண்டபத்தில் வாழ்த்தும் சாப்பாடும். மேடையில் பாடகர் குழுவின் டிரம்ஸ் செட் ஏற்கனவே இருந்தது. நாங்கள் ஏழு மணிக்கே போய்ப் பெட்டிகளை இறக்கினோம். எட்டேகால் மணிக்கு என் பதினோரு நொடியைப் போட்டேன்.

இரண்டாவது முறை ஓடும்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு மனுஷன் ஓடி வந்தார். பட்டுக்கரை வேட்டி, காலில் இறுக்கிக் கட்டிய ஷூ, சட்டைப் பொத்தான் பாதிதான் போட்டிருக்கிறது, ஒரு கன்னத்தில் சவர நுரை. மிக்சருக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் அதிகம் என்று சண்டைக்கு வருகிறார் போல என்று நானும் தயாரானேன்.

"இது உனக்கு எங்க இருந்து கிட்டிச்சு மக்கா?" என்றார்.

சத்தம் போடாமல் கேட்டார். அதனால் நானும் மரியாதையாகச் சொன்னேன், காட்டாக்கடைக் கடை, உறையில்லாத சிடி, பதினாலு வருஷம். வாசித்த மனுஷன் யாரென்று தெரிந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன் என்றும் சொன்னேன். அவர் நுரையைத் துடைத்தார். துடைத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் வைத்தார்.

"அது நான் அடிச்சதாக்கும்."

பட்டுக்கரை வேட்டியைப் பார்த்ததுமே பெண்ணின் அப்பா ராஜதாஸ் என்று தெரிந்திருந்தது, ஆனாலும் நான் நம்பவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாக்கள் என்னென்னவோ சொல்வார்கள். அப்படியானால் காட்டுங்கள் என்றேன். அவர் என் மேசை விளிம்பில் இரண்டு விரல்களை வைத்தார். நகப் பக்கத்தால் ஓர் அடி, விரல் நுனியால் ஓர் அடி. கனம், லேசு, கனம், லேசு. இரண்டு சுற்றுகூடப் போகவில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஜெயனைக் கூப்பிட்டேன். அவர் கேபிளோடு ஓடி வந்து என்ன, ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு நான் செய்தது கொஞ்சம் அதிகம்தான். என் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதே கை என்று எனக்குச் சந்தேகமுள்ள பாட்டுகள், ஏழு. ஐயப்பன் பாட்டு இரண்டு, சபைப் பாட்டு மூன்று, ஒரு தேர்தல் பாட்டு, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். ஒவ்வொன்றாகப் போட்டு இது நீங்கள்தானே, இது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டு, ஆமாம் என்றார், ஆமாம் என்றார். எதுவும் எங்கேயும் பெயர் போட்டு வந்ததில்லை. அவருடைய பெண்டாட்டிக்கே இந்தப் பட்டியல் தெரியாதாம். ஏழில் ஆறு சரி. ஏழாவதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கி, அது மிஷின் என்றார். பாலராமபுரத்துக் குடைக்காரர் அந்த நேரம் பக்கத்தில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் சுற்று நாலாம் தட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அந்த ஒரு 'ச்சீ'க்காக உங்களுக்கு ஒரு வீடு எழுதி வைக்கலாம் என்று சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டூடியோ, ஒரே நாளில் எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டுக்கு உட்காரும்போது காலில் ரப்பர் செருப்பு. மூன்றாம் சுற்றில் செருப்பின் வார் அறுந்தது, கால் வழுக்கியது, ஹைஹாட் திறந்துகொண்டது. அவர் சமாளித்து மிதித்துவிட்டார். மறுபடி எடுப்பார்கள் என்று நினைத்தார். நேரம் முடிந்துவிட்டதால் அதையே வைத்துக்கொண்டார்கள். இசையமைத்தவர் பாடவந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால், காலை ஒரு இடத்தில் வைக்கத் தெரியாதவனையெல்லாம் யார் கூப்பிட்டது என்று கேட்டார். ஒரு வருஷம் அந்த ஸ்டூடியோவிலிருந்து கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து அவர் இறுக்கிக் கட்டிய ஷூவோடுதான் வாசிக்கிறார். மூவாயிரம் பாட்டுக்கு மேல் வாசித்தாயிற்று, ஒரு அடி பிசகியதில்லை.

"ஒரு உபகாரம் செய்யணும் மக்கா. இந்தக் கல்யாணம் கழிஞ்சா அத அழிச்சிரு. ஆருட்டயும் சொல்லவும் வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். ஆனால் இவர் அவர். பதினாலு வருஷம் நான் யார் காலைத் தேடினேனோ அந்தக் கால். அது வழுக்கியதைத்தான் அழிக்கச் சொல்கிறது. அழித்தால் என் காதுக்கு அளவுகோல் போய்விடும். அது போகட்டும், இன்னொரு பாட்டைப் பழகிக்கொள்ளலாம். வயிற்றுக்குள் வரும் அந்தக் குதியை எங்கே போய் வாங்குவது? வாதாடிப் பார்த்தேன். அது தப்பு இல்லை என்றேன். வாசித்தவனுக்குத் தெரியாதா என்றார். கேட்டவளுக்குத் தெரியாதா என்றேன். அவர் கை கூப்பினார். மகள் கல்யாணத்தன்று ஒரு அப்பா கை கூப்பினால் என்ன செய்ய முடியும்? சரி என்று சொல்லிவிட்டேன். அழுகை வந்தது, ஜெயன் பார்ப்பார் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆனால் வேலை முடியவில்லையே. சாப்பாட்டுக் கூடத்து ஸ்பீக்கர்களையும் முற்றத்தில் கட்டிய ஹார்னையும் பார்க்க வேண்டும். அந்தப் பதினோரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்குக் கீழும் போய் நின்று கேட்பது என் வழக்கம். கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிப் போட்டுவிட்டு நடந்தேன். கன்னத்தைச் சரியாகத் துடைத்துக்கொண்டு அவரும் கூடவே வந்தார். வேறு யார் காதிலும் விழாமல் பக்கத்தில் நின்றே தடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார் போல.

முதலில் சமையல் கூடம். சோமன் அண்ணன் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். இருநூறு கல்யாணத்தில் எங்களோடு வேலை செய்தவர். ஸ்பீக்கரில் மூன்றாம் சுற்று வந்தது. 'ச்சீ' வந்த அதே கணத்தில் சோமன் அண்ணன் கரண்டியை உருளியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். நான் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த முறை ஓடியபோதும் சரியாக அங்கே ஒரு தட்டு. தேங்காய் திருகிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அதே இடத்தில் கையை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். பதினாலு வருஷமாக நான் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை.

அண்ணா, அது என்ன தட்டு என்று கேட்டேன்.

"அது உனக்க மிஷினுக்க கம்ப்ளெயிண்டு அல்லியா மோளே? பதினாலு வருஷமா நன்னாக்காத வச்சிருக்கியே."

என் மிஷினுடைய கோளாறாம், நான்தான் பழுது பார்க்காமல் வைத்திருக்கிறேனாம். வண்டியில் ஏற்றி இறக்கும்போது எதுவோ கழன்றுவிட்டது, அதனால்தான் அந்த இடத்தில் 'ச்சீ' என்கிறது என்று ஊர் முழுவதும் நினைத்திருக்கிறது. சத்தம் கேட்டுப் பந்தல்காரர்களும் வந்தார்கள். ஒருவர் அது ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்தது என்றார். இன்னொருவர் வயர் லூஸ் என்றார். குன்னத்துகால் கோயிலில் அந்த 'ச்சீ' கேட்டால்தான் பிள்ளைகள் பந்தலுக்குள் ஓடுமாம், ஸ்மிதாவின் ஓட்டைப் பெட்டி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு. பெண்ணின் மாமா ஒருவர், வாழ்த்துரைக்கு நடுவில் அப்படிச் சத்தம் வந்தால் நன்றாக இருக்காது, நெய்யாற்றின்கரையிலிருந்து வேறு செட் வரவழைக்க இப்போது நேரம் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பெட்டியா ஓட்டை? ஒவ்வொரு மழைக்காலத்திலும் திறந்து துடைத்து, பிள்ளையைப் போல வைத்திருக்கிற பெட்டி. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரின் வாயும் மூடிவிடும். வார்த்தைக்கு உரியவர் என் பக்கத்தில்தான் நிற்கிறார். ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம், ரிப்பேர் பார்க்கணும் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் அது. ராஜதாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்தது பெண் அலங்காரம் செய்கிற அறை. கதவுக்கு மேலே ஒரு சின்ன ஸ்பீக்கர், ஆலயத்துக்குக் கிளம்பும்போது அறிவிப்புச் சொல்வதற்காக. கதவு பாதி திறந்திருந்தது. சுமி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், வெள்ளைச் சேலை, தலையில் பூ. அழகுநிலையத்து ஸ்வப்னா அவள் உதட்டுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்று வந்தது. சுமியின் உதடு குவிந்து, சரியாக அந்த இடத்தில், சத்தமில்லாமல் 'ச்சீ' என்றது. வண்ணம் கன்னத்துக்குப் போய்விட்டது. ஸ்வப்னா தலையில் அடித்துக்கொண்டாள். இதோடு மூன்றாவது முறை, இந்தப் பெண்ணுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை என்று எங்களிடம் முறையிட்டாள்.

சுமி சிரித்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பழக்கமாம். பள்ளி ஆண்டுவிழா என்றாலும் சபைப் பெருநாள் என்றாலும் இவளும் கூட்டாளிகளும் மைதானத்தில் அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பார்களாம். வந்ததும் எல்லாரும் சேர்ந்து குதிப்பார்களாம். "ஸ்மிதா அக்கா, உங்க மிஷின நன்னாக்கிராதீங்க, கேட்டியளா? எனக்க கல்யாணத்துக்கு அது வேணும்" என்றாள்.

அந்த நேரத்தில் அவளுடைய அப்பா எங்கே இருந்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது. ஆண்டுவிழாவுக்கும் பெருநாளுக்கும் மைக் செட் சோதனை மாலை நாலு மணிக்கு. அந்த நேரத்தில் அவர் திருவனந்தபுரத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள், இறுக்கிக் கட்டிய ஷூவோடு, பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்திருப்பார். வேலையை வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். மகள் இந்த ஊர் மைதானத்தில் அவருடைய காலுக்குக் குதித்து வளர்ந்திருக்கிறாள்.

ராஜதாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரில் மறுபடி அந்தச் சுற்று வந்தது. இந்த முறை அவர் மகளின் உதட்டையே பார்த்தார்.

"மக்கா, அது மிஷினுக்க கம்ப்ளெயிண்டு இல்ல. எனக்க காலாக்கும்" என்றார்.

சுமிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாக்கு அவராலேயே அவிழ்ந்துவிட்டதால் எனக்கு இனி என்ன பயம்? மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டூடியோ, செருப்பு, வார், ஏழில் ஆறு, தேர்தல் பாட்டு, ஜவுளிக்கடை, எல்லாம். சொல்லிக்கொண்டே இருந்தபோது சுமி எழுந்துவிட்டாள். ஸ்வப்னா பின்னால் தூரிகையோடு ஓடினாள். சுமி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள், பாடகர் குழுவின் டிரம்ஸுக்கு முன்னால் உட்கார வைத்தாள். அடிங்க, பார்ப்போம் என்றாள்.

ஊர் கூடிவிட்டது. ஓட்டைப் பெட்டி என்று சொன்ன ஒவ்வொருவரும் வந்து நின்றார்கள். அந்தச் சத்தம் இந்த மனுஷனின் கால் என்று நான் மைக்கிலேயே அறிவித்தேன். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். பிறகு நான் பாட்டை நிறுத்தினேன், அவர் குச்சியை எடுத்தார்.

கனம், லேசு, கனம், லேசு. ஐயோ, அதை எப்படிச் சொல்வது? சிடியில் கேட்டதற்கும் மூன்றடி தூரத்தில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் அசைகிறது. தட்டு பேசுகிறது. என் இடுப்பு அசைந்தது, இந்த முறை அசையாத மாதிரி நான் இருக்கவில்லை. ஜெயன் கேபிளைக் கீழே போட்டுவிட்டு, "ஒரு ரட்சயும் இல்லா" என்று, இதற்குமேல் ஒன்றுமில்லை என்பது போல, மலையாளத்தில் தனக்குத்தானே சொன்னார். மூன்றாம் சுற்று. நாலாம் தட்டு. ராஜதாஸ் காலைத் தூக்கினார்.

'ச்சீ.'

பிறகு சோமன் அண்ணன் மெல்லச் சொன்னார், முந்திப் போச்சு.

உண்மைதான். முந்திவிட்டது. மறுபடி வாசித்தார். இந்த முறை பிந்திவிட்டது, தேங்காய் திருகிய பெண்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது முறை இடம் சரியாக இருந்தது, ஆனால் வாய் அதிகமாகத் திறந்துவிட்டது. பந்தல்காரர்கள் தலையாட்டவில்லை. இடது ஷூவைக் கழற்றச் சொன்னார் ஒருவர். கழற்றினார். சோமன் அண்ணன் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி மேடைக்கு அனுப்பினார். பட்டுக்கரை வேட்டியும் ஒற்றை ரப்பர் செருப்புமாக அவர் மறுபடி உட்கார்ந்தார். நாலாவது முறையும் வரவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு கைக்கு வந்து, கையிலிருந்து தட்டுக்கு வந்து, மொத்தத் தாளமும் குலுங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாசிப்பில் அடி பிசகியது அன்றைக்குத்தான் இருக்கும். கூட்டத்தில் ஒருவராலும் சும்மா நிற்க முடியவில்லை, குழந்தைகள் பந்தலுக்குள் ஓடின, ஸ்வப்னாகூடத் தூரிகையால் தாளம் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பிந்தணும், அப்பா. விழப் போறது மாதிரி, ஆனா விழப்பிடாது" என்று சுமி கையால் காட்டிக்கொடுத்தாள். கன்னத்தில் உதட்டு வண்ணம் அப்படியே இருந்தது. அவர் மகளின் கையைப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்கினார்.

அப்போது சத்தியபாய் டீச்சர் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆலயத்துக்கு வந்துவிட்டார்கள், போதகர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், இங்கே பெண்ணும் பெண்ணின் அப்பாவும் மேடையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ஒரு நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது. சுமியை ஸ்வப்னா இழுத்துக்கொண்டு போனாள். ராஜதாஸ் குச்சிகளைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுத்து ஒரு சுற்று மெதுவாக வாசித்துப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வாக்கு வாக்குதான். நான் லேப்டாப்பைத் திறந்து, சிடியிலிருந்து ஏற்றிவைத்த அந்த ஏழாவது பாட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் முடிந்ததும் அழித்துவிடட்டுமா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சோமன் அண்ணனின் செருப்புமாக ஆலயத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். நின்று திரும்பினார்.

"அழிச்சா நான் எதக் கேட்டுப் படிக்கியது மக்கா?"